அரசுப் பயிற்சித் துறை வேலை: எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

கேள்வி: வணக்கம் சார். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார், அம்மா கடற்பாசி வளர்ப்புக் குழுவில் இருக்கிறார். நான் பி.ஏ. முடித்து எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப் பணி முதுகலை படித்தேன். மனிதவள மேலாண்மைதான் சிறப்புப் பாடம், 61 சதவீதம். வயது 27. மூன்று வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் மகளிர் குழுக்களுக்கும் குழுக் கணக்கு எழுதுபவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். இதே வேலையை அரசாங்கத்தில் பார்க்க ஆசை, அதாவது அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மனிதவளப் பிரிவில். அதற்கு என்ன தகுதி வேண்டும்? இன்னொரு எம்பிஏ படிக்க வேண்டுமா? என் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா? சென்னையில் தங்கிப் படிக்க வீட்டில் வசதி இல்லை. இதற்கிடையில் ராமநாதபுரத்தில் ஒருவர் மூன்று லட்சம் கொடுத்தால் பயிற்சி அலுவலர் வேலை வாங்கித் தருவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா பாதி நம்பிவிட்டார்.

பதில்:

முதலில் அந்தக் கடைசி விஷயத்தை முடித்துவிடுவோம்மா, மற்றதெல்லாம் அப்புறம். அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அசல் சான்றிதழ்களையும் கொடுக்க வேண்டாம், "பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்" என்று சொன்னாலும் சரி. தமிழக அரசில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பது டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம் போன்ற தேர்வு அமைப்புகள்தான். ஒப்பந்த வேலை என்றாலும் மாவட்ட நிர்வாகமோ அந்தத் துறையோ செய்திக்குறிப்பு வெளியிட்டு, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அறிவிக்கை எண் என்ன, எந்தத் தேதியில் வந்தது, எந்த இணையதளத்தில் இருக்கிறது என்று அப்பாவை அந்த ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள், பதில் வராது. ஏற்கனவே முன்பணம் ஏதாவது கைமாறியிருந்தால் வெட்கப்படாமல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், மாவட்டக் குற்றப்பிரிவு விசாரிக்கிற வகை வழக்குதான் இது. பிள்ளை படித்துவிட்டது, கடல் தொழிலோடு நம் காலம் போகட்டும் என்று நினைக்கிற தகப்பன்மாரின் ஆசையைத்தான் இந்த ஆட்கள் குறி வைக்கிறார்கள். ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் மனதில் வைத்திருக்கும் வேலை உண்மையிலேயே இருக்கிறது, நல்ல வேலையும்கூட. ஆனால் அதற்கென்று வெளியிலிருந்து நேராக நுழையும் வாசல் மாநில அரசில் அநேகமாக இல்லை. அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அரசுக்குள் ஏற்கனவே வேலை பார்த்தவர்கள். ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் குடிமைப் பணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது, புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களும் உதவியாளர்களும் அடிப்படைப் பயிற்சிக்குப் போகிற இடம். அங்கே கோப்பு நடத்துவதையும் பணி விதிகளையும் சொல்லித்தருபவர் ஒரு காலத்தில் ஏதோ ஒரு தாலுகா அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ அதே கோப்புகளோடு மல்லுக்கட்டியவராக இருப்பார். சென்னையில் இருக்கும் அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி, மறைமலைநகரில் இருக்கும் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம், நமக்குப் பக்கத்தில் டி.கல்லுப்பட்டியில் இருக்கும் மண்டல ஊரக வளர்ச்சி நிறுவனம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். துறைகளிலிருந்து அயற்பணியில், அதாவது சொந்தத் துறையை விட்டுக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வந்தவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், மதிப்பூதியத்துக்கு வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போகிற விருந்தினர்கள் என்று கலவையாக இருப்பார்கள்.

மத்திய அரசிலும் அப்படித்தான். டெல்லியில் 1948-இல் தொடங்கிய செயலகப் பயிற்சி மற்றும் மேலாண்மை நிறுவனம், சுருக்கமாக ஐஎஸ்டிஎம், மத்திய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. அங்கே பயிற்றுநர் இடங்களுக்குப் பெரும்பாலும் அயற்பணி அடிப்படையில்தான் விண்ணப்பம் கேட்கிறார்கள். தேசிய அளவிலான பயிற்சி நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட காலம் பயிற்றுநராகப் போகும் மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 24 சதவீதம் பயிற்சிப் படியாகவும் கிடைக்கும். துறையில் வேலை தெரிந்த ஆளை வகுப்புக்குக் கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு.

ஆகவே உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, எந்த வேலை வழியாக அரசுக்குள் போவது. இரண்டாவது, உள்ளே போன பிறகு "பயிற்சிக்கு இந்த ஆளைக் கூப்பிடு" என்று மேலே இருப்பவர்கள் நினைக்கும்படி எப்படி இருப்பது. இதில் முதலாவதை மட்டும் யோசிப்பவர்கள்தான் அதிகம். பரீட்சை எழுதி உள்ளே போய்விடுகிறார்கள், பத்து வருடம் கழித்தும் அதே மேசையில் இருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டாவதற்கான அடித்தளம் ஏற்கனவே விழுந்துவிட்டது, அதை மறக்காதீர்கள்.

வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், அந்த ஆள் அப்பாவிடம் விளையாடியதும் இதை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். உதவி பயிற்சி அலுவலர், இளநிலை பயிற்சி அலுவலர் என்ற பெயரில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையில் பதவிகள் உண்டு. அவர்கள் பரமக்குடியில் இருப்பதுபோன்ற அரசு ஐடிஐ-களில் பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று தொழிற்பிரிவு சொல்லித்தருபவர்கள். அதற்கு அந்தத் தொழிற்பிரிவில் படிப்பும் அனுபவமும் கேட்பார்கள், கைவினைப் பயிற்றுநருக்கான தனிப் பயிற்சியும் எதிர்பார்ப்பார்கள். மத்திய அரசின் பயிற்சி தலைமை இயக்ககத்துக்காக யுபிஎஸ்சி அவ்வப்போது அறிவிக்கும் பயிற்சி அலுவலர் பதவிகளும் தொழில்நுட்பப் படிப்புக்காரர்களுக்கானவை. உங்கள் எம்எஸ்டபிள்யூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயரைப் பார்த்து விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடாதீர்கள்.

இப்போது வழிகள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வை முதலில் வைப்பேன். அதற்கு ஒரு பட்டம் போதும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்குப் பெரும்பாலான பதவிகளில் உச்ச வயது வரம்பு கிடையாது, அதனால் 27 வயதாகிவிட்டதே என்ற பதற்றம் தேவையே இல்லை. இளநிலை வேலைவாய்ப்பு அலுவலர், தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஆகிய இரண்டு பதவிகளும் அதில் வருகின்றன. இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்று படிப்பையும் வேலையையும் இணைக்கும் துறை, இன்னொன்று தொழிலாளர் சட்டத்தைக் கையில் எடுத்து வேலை பார்க்கும் துறை. நீங்கள் எம்எஸ்டபிள்யூவில் படித்தது எதுவும் வீணாகாது. முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி மொழிப்பாடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றிதழை ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக, பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அறிவிக்கை வந்த பிறகு ஓடினால் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார். கூடவே பெண்களுக்கான 30 சதவீத ஒதுக்கீடும் உங்களுக்கு இருக்கிறது.

குரூப் 1-இல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர், ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் போன்ற பதவிகள் வந்திருக்கின்றன. எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வருடங்களை விடாதீர்கள்.

மத்திய அரசுப் பக்கம் உங்கள் படிப்பைப் பெயர் சொல்லிக் கேட்கிற வேலைகள் இருக்கின்றன, பலருக்கு இது தெரிவதில்லை. ரயில்வேயில் ஊழியர் நல ஆய்வாளர் என்றொரு பதவி, ரயில்வே தேர்வு வாரியம் வழியாக எடுக்கிறார்கள். பட்டத்தோடு தொழிலாளர் நலன் அல்லது சமூக நலனில் டிப்ளமோவோ, பணியாளர் மேலாண்மையில் மேற்படிப்போ கேட்பார்கள். ராமேஸ்வரம் வரைக்கும் மதுரை கோட்டம்தான், திருச்சியில் ரயில்வேயின் மண்டலப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, உள்ளே போனவர்கள் அங்கே பயிற்றுநராக விண்ணப்பிக்க வாய்ப்பு வரும். அப்புறம் யுபிஎஸ்சி வழியாக வரும் மத்திய தொழிலாளர் அமலாக்க அலுவலர். அதற்கும் சமூகப் பணி, தொழிலாளர் நலன், பணியாளர் மேலாண்மை மாதிரியான படிப்புகள்தான் அடிப்படை. எப்போதாவதுதான் வரும், வந்தால் விடக்கூடாது.

இன்னொரு பெரிய வாசல் பொதுத்துறை நிறுவனங்கள். பவர்கிரிட், ஓஎன்ஜிசி போன்றவை மனிதவளப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி நெட் மதிப்பெண்ணை வைத்து அழைத்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் வாலாந்தரவை பக்கம் போனால் ஓஎன்ஜிசியின் எரிவாயு வேலைகளைப் பார்த்திருப்பீர்கள், அந்த நிறுவனத்தின் மனிதவள அதிகாரி ஒரு காலத்தில் உங்களைப் போல நெட் எழுதியவராக இருக்கலாம். நெட்டில் தொழிலாளர் நலன், பணியாளர் மேலாண்மை, மனிதவள மேலாண்மை எல்லாம் சேர்ந்த பாடத்துக்கு எண் 55. சமூகப் பணிக்குத் தனி எண், 10. நீங்கள் மனிதவளத்தைச் சிறப்பாக எடுத்ததால் 55-ஐ எழுதுங்கள், இந்த நிறுவனங்கள் பார்ப்பது அதைத்தான். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை. வருடத்துக்கு இருமுறை நடப்பதாக வைத்திருக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பும் இல்லை. ஒரே தேர்வு, கல்லூரி வேலைக்கும் பொதுத்துறைக்கும் பயிற்சி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களுக்கும் உதவும்.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பொதுத்துறை நிறுவனங்கள் முதுகலையில் 60 சதவீதம் கேட்பது வழக்கம். உங்களுக்கு 61, தப்பித்தீர்கள். ஆனால் வயது வரம்பு பல அறிவிக்கைகளில் 28, ஓபிசிக்கு, அதாவது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு, மூன்று வருடத் தளர்வு. உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மாநிலச் சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது, மத்திய அரசு வடிவத்தில் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். மற்றொன்று, எம்எஸ்டபிள்யூவை ஏற்கும் இடங்கள்கூட பணியாளர் மேலாண்மை அல்லது மனிதவளம் சிறப்புப் பாடம் என்று மதிப்பெண் பட்டியலிலோ பட்டச் சான்றிதழிலோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். உங்கள் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அச்சில் இல்லை என்றால் கல்லூரி முதல்வரிடமோ பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிலோ கடிதமாக வாங்குங்கள், அதற்கு மாதக்கணக்கில் இழுக்கும், இன்றைக்கே தொடங்குங்கள்.

எம்பிஏ வேண்டாம். உங்களுக்கு வேண்டாம் என்று சொல்கிறேன், எல்லோருக்கும் இல்லை. கையில் மனிதவளச் சிறப்போடு ஒரு முதுகலை இருக்கும்போது இன்னொன்றுக்கு இரண்டு வருடமும் காசும் செலவழித்தால், விண்ணப்பத்தில் கூடுதலாக ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஏதாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால், 1970-இல் தொடங்கிய இந்தியப் பயிற்சி மற்றும் மேம்பாட்டுச் சங்கம் நடத்தும் பயிற்சி-மேம்பாட்டு டிப்ளமோவைப் பாருங்கள், அது இந்த வேலைக்கென்றே உள்ளது. ஆனால் அதை வைத்து மட்டும் எந்தப் பதவிக்கும் அடிப்படைத் தகுதி கிடைத்துவிடாது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: பத்து, பன்னிரண்டு, மூன்று வருடப் பட்டம் என்ற வரிசை உடையாமல் படித்தால்தான் டிஎன்பிஎஸ்சி ஏற்கும். பட்டம் இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எடுத்த முதுகலையைக் கொண்டுவந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது பரிதாபமாக இருக்கிறது, சேரும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

அனுபவம் பற்றிக் கேட்டீர்கள், இதில்தான் நிறையப் பேசவேண்டியிருக்கிறது. குரூப் 2-க்கு அனுபவமே தேவையில்லை. நேரடி விளம்பரப் பதவிகளுக்கும் ஒப்பந்தப் பதவிகளுக்கும்தான் தேவை, அங்கே தொண்டு நிறுவன அனுபவத்தை எடுப்பார்களா என்பது அந்த அறிவிக்கையின் வாசகத்தைப் பொறுத்தது. "அரசு, பொதுத்துறை, தன்னாட்சி நிறுவனத்தில்" என்று மட்டும் இருந்தால் எடுக்கமாட்டார்கள். "பதிவு பெற்ற அல்லது புகழ்பெற்ற நிறுவனத்தில்" என்று இருந்தால் எடுப்பார்கள், உங்கள் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ் நகலையும் சேர்த்து வையுங்கள். பெரும்பாலும் அடிப்படைத் தகுதி பெற்ற பிறகு செய்த வேலையைத்தான் எண்ணுவார்கள், ஆகவே எம்எஸ்டபிள்யூ படித்துக்கொண்டிருந்தபோது போன களப்பயிற்சியை இதில் கலக்காதீர்கள், கலந்தால் மொத்தத்தையும் சந்தேகப்படுவார்கள்.

அனுபவச் சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை "இவர் எங்களிடம் சிறப்பாகப் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்" என்று இருக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சேர்ந்த தேதி, இன்றும் பணியில் இருக்கிறாரா, முழுநேரமா பகுதிநேரமா, பதவியின் பெயர், மாதச் சம்பளம், செய்த வேலை, இதெல்லாம் வேண்டும். செய்த வேலை என்ற இடத்தில் "மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி அளித்தார்" என்று ஒரே வரியில் முடிக்காமல், பயிற்சித் தேவையைக் கண்டறிந்தார், பாடத்திட்டம் தயாரித்தார், வகுப்பு நடத்தினார், பயிற்சிக்குப் பின் களத்தில் தொடர்ந்து பார்த்து மதிப்பிட்டார் என்று, உண்மையில் நீங்கள் செய்ததை மட்டும், பிரித்து எழுதி வாங்குங்கள். செய்யாததைச் சேர்க்க வேண்டாம். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஏன் இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன் என்றால் அரசுப் பயிற்சி உலகமே இந்தப் பிரிவின்படிதான் இயங்குகிறது. மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை, பயிற்றுநர்களுக்கு நடத்தும் பயிற்சிகளைப் பாருங்கள்: நேரடியாக வகுப்பு எடுக்கும் திறனுக்கு ஒன்று, பயிற்சியை வடிவமைக்க ஒன்று, தேவையைக் கண்டறிய ஒன்று, மதிப்பிட ஒன்று. 1996-இல் வந்து 2012-இல் திருத்தப்பட்ட தேசியப் பயிற்சிக் கொள்கை, ஒவ்வொரு துறையும் சம்பளச் செலவில் குறைந்தது 2.5 சதவீதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும், பயிற்சிக்கென்று ஒரு மேலாளர் இருக்க வேண்டும் என்கிறது. அரசு ஊழியர்களின் திறன் வளர்ப்புக்காக 2020 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் மிஷன் கர்மயோகி திட்டம், விதிகளை மட்டும் சொல்லித்தருவதை விட்டு, அந்த நாற்காலியில் இருப்பவருக்கு என்ன திறமை வேண்டும் என்பதிலிருந்து பயிற்சியைத் தொடங்கச் சொல்கிறது. அதன் இணையவழிப் பயிற்சித் தளமான ஐகாட்டில் ஊழியர்கள் செல்போனிலேயே படிக்கிறார்கள். கொள்கையில் இருப்பதெல்லாம் அலுவலகத்தில் நடந்துவிடுவதில்லை, ஆனாலும் இதையெல்லாம் புரிந்த ஆட்கள் ஒவ்வொரு துறைக்கும் தேவைப்படுகிறார்கள்.

இந்த வேலையின் நெஞ்சு எது என்று என்னைக் கேட்டால், தேவையைக் கண்டறிவதுதான். ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மீனவர் நிவாரண மனுக்கள் திரும்பத் திரும்பத் தள்ளுபடி ஆகின்றன, மேலதிகாரி "ஊழியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி போடுங்கள்" என்கிறார். நீங்கள் உடனே வகுப்பறை தேடினால் தோற்றுவிட்டீர்கள். முதலில் தள்ளுபடியான மனுக்களை எடுத்துப் பார்க்க வேண்டும். வங்கிகள் இணைந்ததில் ஐஎப்எஸ்சி எண் மாறியிருக்கிறது, பழைய பாஸ்புக்கைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும், பயிற்சி வேண்டாம். கணினி ஒன்றுதான் இருக்கிறது, நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் அதையும் பயிற்சி தீர்க்காது. புதிதாக வந்தவருக்குப் பதிவேற்றத் தெரியவில்லை என்றால் மட்டும்தான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. "இந்தக் குறையைப் பயிற்சியால் தீர்க்க முடியுமா?" என்ற கேள்வியை நேர்காணலில் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்பார்கள். முடியாது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவரைக் குழு நிமிர்ந்து பார்க்கும்.

மதிப்பீடும் அப்படியே. 1959-இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் நான்கு நிலைகள் சொன்னார், உலகம் முழுக்க இன்றும் அதையே வைத்துப் பேசுகிறார்கள், நெட்டிலும் கேட்பார்கள். புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது, உங்கள் அம்மாவின் பாசி மிதவையை வைத்துப் பாருங்கள். பாசி வளர்ப்புப் பயிற்சி முடிந்த அன்று பெண்கள் "நன்றாக இருந்தது" என்கிறார்கள், அது முதல் நிலை. அங்கேயே விதைப்பாசியைக் கயிற்றில் சரியான இடைவெளியில் கட்டிக் காட்டுகிறார்கள், இரண்டாவது. வீட்டுக்குப் போய், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும், தங்கள் மிதவையில் அதே மாதிரி கட்டிப் பராமரிக்கிறார்களா, அது மூன்றாவது. 45 நாள் கழித்து அறுவடையில் எடை கூடியிருக்கிறதா, கையில் காசு வந்ததா, நான்காவது. நம் அரசுப் பயிற்சிகளில் முக்கால்வாசி முதல் நிலையோடு நின்றுவிடுகிறது, கடைசி நாள் மாலையில் ஒரு படிவம், நாலு டிக், ஒரு குழுப்படம். மூன்றாவது நிலை வரை போய்ப் பார்த்த ஆள் நீங்கள். அம்மாவின் குழுவும் பக்கத்துக் குழுக்களும் எத்தனை பேர், பயிற்சிக்கு முன்னால் என்ன எடுத்தார்கள், பின்னால் என்ன எடுத்தார்கள், காற்றுக் காலத்தில் எத்தனை மிதவை சேதமானது, எல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு இருக்கட்டும். வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்குத் திட்டமிட்டு வேலை தொடங்கினார்கள், உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. அதை ஒட்டிப் பயிற்சி ஏதாவது வந்தால் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், முடிந்தால் பயிற்றுநராகவே கேளுங்கள்.

தேர்வு எழுதுகிற காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கும் அனுபவத்துக்கும் ஒரு யோசனை. கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள், ஆர்செட்டி என்பார்கள், வங்கிகள் நடத்துகின்றன. 1982-இல் கர்நாடகத்தில் தர்மஸ்தலாவை ஒட்டிய உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டிதான் இதற்கு முன்மாதிரி. அங்கே பயிற்றுநர் இடம் காலியானால் விளம்பரம் வரும். எம்எஸ்டபிள்யூ, ஊரக வளர்ச்சி, சமூகவியல், உளவியல் முதுகலை, பிஎட் படித்தவர்கள் எல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று போடுவார்கள், உள்ளூர் மொழியும் கணினியும் தெரிந்திருக்க வேண்டும். இது ஒப்பந்த வேலை, அரசு வேலை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, சம்பளமும் பெரிதாக இருக்காது. ஆனால் பயிற்சி முடித்தவர்களை இரண்டு வருடம் வரை தொடர்ந்து பார்ப்பது அந்த நிலையங்களின் வேலையில் ஒரு பகுதி, பெங்களூரில் உள்ள அவர்களுடைய தேசிய அகாடமி பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுக்கிறது. மகளிர் திட்டத்தில் வட்டார அளவில் வரும் ஒப்பந்தப் பணிகளும் இப்படித்தான். எதில் சேர்ந்தாலும் காலையில் இரண்டு மணி நேரம் படிப்புக்கு ஒதுக்க முடியாத வேலை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சென்னைக்குப் போகத் தேவையில்லை. ராமநாதபுரத்தில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு நடத்துவார்கள். தொண்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவது சிரமம்தான், அதனால் மாதிரித் தேர்வு நாட்களிலாவது வந்துவிடுங்கள், தனியாக உட்கார்ந்து எழுதுவதற்கும் நூறு பேர் நடுவே எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மீனவர் நலவாரிய உறுப்பினர்களின் பட்டதாரிப் பிள்ளைகளில் ஆண்டுக்கு 20 பேரை அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை மீன்வளத் துறை வைத்திருக்கிறது, அப்பா வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் ராமநாதபுரம் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். நெட்டுக்கு முந்தைய வினாத்தாள்களும் எம்எஸ்டபிள்யூ நோட்டுகளும் போதும். தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாறியிருக்கின்றன, அதை மட்டும் புதிதாகப் படியுங்கள், பழைய கைடை நம்ப வேண்டாம்.

உள்ளே போன பிறகு என்ன என்று கேட்பீர்கள். தகுதிகாண் பருவத்தில் துறைத் தேர்வுகளை முடித்துவிடுங்கள், மாவட்ட அலுவலக நடைமுறை நூலைக் கரைத்துக் குடித்துவிடுங்கள். பிறகு புதிதாகச் சேர்கிற ஒருவருக்கு நீங்களே உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுக்க ஆரம்பியுங்கள், யாரும் கேட்காமலேயே. பயிற்சிக்குப் பெயர் அனுப்பச் சொல்லித் துறைக்குச் சுற்றறிக்கை வரும்போது, வேலை கெடும் என்று எல்லோரும் ஒதுங்குவார்கள், நீங்கள் கை தூக்குங்கள். பயிற்றுநர் திறன் பயிற்சிக்கு ஆள் கேட்டால் எழுத்தில் விருப்பம் கொடுங்கள். பயிற்சி நிறுவனங்களுக்கு விருந்தினராக ஒரு வகுப்பு எடுக்கப் போகிறவர்தான் பிறகு அயற்பணிக்கு அழைக்கப்படுகிறார், நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கு குறைவு.

இப்போதைக்கு அந்த அனுபவச் சான்றிதழை நான் சொன்ன மாதிரி ஒரு வரைவாக எழுதிக்கொள்ளுங்கள், நிறுவனத்தின் கையெழுத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள். நாளும் பதவியும் சரியாக இருக்கிறதா, எந்த வேலையை எப்படிப் பிரித்திருக்கிறீர்கள் என்று பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் நேராகவே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.